மூக்கு மட்டும் வேண்டும், ஐயா

அனுப்புநர்:
பழைய டர்போ கார் ஒன்றின் இரண்டாவது உரிமையாளர்,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதிரிபாகப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
(நிறுவனத்தின் பெயர் தங்களுக்கே தெரியும்.)

பொருள்: விரிசல் விட்ட பிரீதர் மூக்கு – தனியாகத் தர மறுத்து நல்வழிப்படுத்தியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து வந்த, பதில் போட முடியாத மின்னஞ்சல்.

ஐயா,

நான் கேட்டது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூக்கு. டாப்பெட் கவரின் ஓரத்தில் முளைத்திருக்குமே, பிரீதர் ஹோஸை மாட்டுவது, அது. அந்த மூக்கு தனிப் பாகம் அல்ல, கவரோடு சேர்த்தே வார்த்தது என்று தாங்கள் விளக்கம் தந்தீர்கள். ஆகவே கவரை முழுசாக வாங்க வேண்டும். விலை நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டினால் திரும்பக் கிடைக்காது. சரக்கு வெளிநாட்டிலிருந்து வரும். எப்போது வரும் என்ற கேள்வியைத் தாங்கள் பெருந்தன்மையோடு கப்பலிடம் விட்டுவிட்டீர்கள். கடைசி வரியில், என் பயணங்களில் என்றும் துணையிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கண் கலங்கிவிட்டது.

இந்தக் கடிதத்தின் நகலை எங்கள் ஊர் டீக்கடையிலும் ஒட்டப்போகிறேன். அங்கே படிப்பவர்களுக்காக விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தாலும், எரிகிற வாயுவில் கொஞ்சம் கீழே நழுவி, ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கிவிடும். டர்போ வண்டியில் அழுத்தம் கூட, அதனால் நழுவுவதும் கூட. அதற்கு வெளியேற வழி இல்லையென்றால் ஆயில் சீலைப் பிதுக்கிவிடும். டர்போவை நனைத்துவிட்டு இறங்கவேண்டிய ஆயில் இறங்க மாட்டாமல் அங்கேயே தேங்கி, புகைபோக்கியில் நீலமாக வரும். அந்தக் காலத்துக் கார்களில் ஒரு குழாயை அடியில் தொங்கவிட்டு, ஆயில் ஆவியை ரோட்டிலேயே ஊதவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 1961-இல் புதுக் கார்களுக்கு வேறு ஏற்பாடு வந்தது: அந்தப் புகையை மறுபடி என்ஜினுக்கே ஊட்டி எரித்துவிடுவது. இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அந்தப் புகை கிளம்பும் வாசல்தான் இந்த மூக்கு. ஆக, என் வண்டியில் விரிசல் விட்டிருப்பது மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று இருக்கும் பாகம். தங்கள் விளம்பரப் புத்தகத்தில் பச்சை இலை போட்டுப் பெருமையடித்த அதே சங்கதி. வண்டியோடு தந்தீர்கள், வயசானபின் மறுபடி கேட்டால் இல்லை என்கிறீர்கள். புகைச் சான்றிதழ் மையத்தில் பின்னால் இருக்கும் குழாயில்தான் கருவியைச் செருகுகிறார்கள், பானெட்டுக்குள் கசிவதை அது பார்ப்பதில்லை என்பது நம் இருவருக்கும் வசதி.

விரிசலால் வண்டிக்கு என்ன ஆகும் என்பதை அஞ்செட்டிக்காரனுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். காவிரித் தண்ணீரை எங்கள் பக்கத்துப் பிலிகுண்டுலுவில்தான் அளக்கிறார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குச் சொன்ன 177.25 டி.எம்.சி.யும் அங்கே அளந்து வரவேண்டிய கணக்குத்தான். அதற்குக் கீழே எந்த ஓடை வந்து சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது. என் வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் ஃபில்டருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. பிரீதர் ஹோஸ் அதைத் தாண்டி டர்போவின் வாயருகே சேர்கிறது. மூக்கின் விரிசல் வழியாக நுழைகிற காற்று கணக்கில் வராத காற்று. கம்ப்யூட்டர் பாவம், தான் எண்ணிய காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விட்டுவிட்டுக் குழம்புகிறது. சிக்னலில் நின்றால் என்ஜின் ஏறி இறங்குகிறது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மலையேறும்போது விரிசலில் வழிந்த ஆயில் சூடான பாகத்தில் பட்டு, வண்டிக்குள் தாளிப்புக் கருகிய வாசம்.

இந்த அறிகுறிகளைச் சொன்னதும் தங்கள் மையத்துத் தங்கை மிக அக்கறையாக, வண்டியை உடனே ஓரங்கட்டி, இறங்கிப் பாதுகாப்பான தூரத்தில் நின்று, இருக்குமிடத்தை அனுப்பினால் இழுவை வண்டி வரும் என்றார். நான் அப்போது தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு வரும் காட்டு ரோட்டில், போனில் ஒற்றைக்கோடு சிக்னல் கிடைத்த வளைவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் காடுகள் 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. யானை கடக்கும் இடம், வண்டியை நிறுத்தாதே, இறங்காதே என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. தங்கள் அறிவுரைக்குக் கீழ்ப்படிவதா, பலகைக்கா? யானையிடம் சேஸிஸ் நம்பரைச் சொன்னால் முன்னுரிமை கிடைக்குமா என்றும் தங்கையிடம் கேட்டேன். மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். லைன் கட்டாகிவிட்டது. நான் பலகைக்குக் கீழ்ப்படிந்து, ஏறி இறங்கும் என்ஜினோடு வீடு வந்து சேர்ந்தேன்.

செவர்லே விற்றவர்கள் 2017-இல் இங்கே விற்பனையை முடித்துக்கொண்டார்கள். ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குப் புலம்ப ஒரு காரணமாவது உண்டு. தாங்கள் எங்கேயும் போகவில்லை. பெங்களூரில் கண்ணாடி மாளிகை போட்டு, காபி கொடுத்து, புது மாடல் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். நான் மூக்கு கேட்டபோதும் அந்தக் காபி கிடைத்தது, கூடவே புது மாடலின் விலைப்பட்டியலும். பழையதைக் கழித்துவிடலாமே சார் என்றார் விற்பனைப் பிள்ளை. மூக்குக்காகக் கவர், கவருக்காகக் கார். ஒரு படி மேலே போய், காருக்காக என் ராகிக் கொல்லையையும் கேட்பீர்களோ என்று பட்டாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சட்டமும் நான் கொஞ்சம் படித்தேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விடாமல் பிடித்துவைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. அதன் பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று இழுத்தது வேறு கதை. அந்தப் பதினாலில் தாங்கள் உண்டா என்று நான் கேட்கப்போவதில்லை, மரியாதை தெரிந்தவன். 2022 டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளமும் திறந்தது. கார்களும் அதில் அடக்கம். உரிமை வந்துவிட்டது, ஐயா. மூக்குதான் வரவில்லை.

அடுத்து, தங்கள் மின்னஞ்சலில் கொட்டை எழுத்தில் இருந்த எச்சரிக்கை: பயிற்சி பெறாத கைகளிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். அஞ்செட்டியிலிருந்து ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். 1980-இல் டிவிஎஸ் 50 அங்கேதான் பிறந்தது. அசோக் லேலண்டும் அதே ஆண்டில் அங்கே ஆலை போட்டது. சிப்காட்டைச் சுற்றி சந்துக்குச் சந்து லேத், மில்லிங், சி.என்.சி. பட்டறைகள். மைக்ரான் கணக்கில் கடைந்து பெட்டி கட்டி அனுப்புகிற ஊர். தாங்கள் அஞ்சும் அந்தக் கைகள் அங்கே ஷிஃப்ட் போட்டு வேலை செய்கின்றன.

அப்படி ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் முதலில் கவரைத் துடைத்து, அச்சிட்ட எழுத்தைப் படித்தார்: பி.ஏ.66, ஜி.எஃப்.30. கண்ணாடி இழை கலந்த நைலான், வருஷக்கணக்கில் சூடு தின்று பிஸ்கோத்து மாதிரி ஆகிவிட்டது என்றார். எம்-சீல் அப்பலாமா என்று கேட்டேன். ஆயில் ஊறிய நைலானில் அது நிற்காது, பெயர்ந்து டர்போவுக்குள் போனால் உங்களுக்கு அடுத்த கடிதம் எழுதவேண்டி வரும் என்றார். கவரைக் கழற்றியே ஆகவேண்டும், துருவல் ஒன்றுகூட என்ஜினுக்குள் விழக் கூடாது என்றும் சொன்னார். உடைந்த மூக்கைச் சமமாக அறுத்தார். வெர்னியரை வைத்துப் பழைய மூக்கின் உள்விட்டத்தைத் திருப்பித் திருப்பி அளந்தார். ஒரு மில்லி குறுகினாலும் உள்ளே அழுத்தம் ஏறும், கூடினால் ஹோஸ் உட்காராது. அலுமினியத்தில் ஒரு மூக்கு கடைந்தார்: ஒரு முனையில் மரை, நடுவில் வளையம், மறுமுனையில் ஹோஸ் நழுவாமலிருக்க இரண்டு வரம்பு. உள்ளிருந்து நட்டு, இடையில் ஓ-ரிங். ஹோஸ் விஷயத்திலும் ஒரு பாடம் நடந்தது. ரேடியேட்டர் ஹோஸ் துண்டை நான் எடுத்து நீட்ட, தண்ணீர் ஹோஸ் ஆயில் பட்டால் ஊறிப் பெருத்துவிடும் என்று அதைக் கையிலிருந்து வாங்கி மூலையில் போட்டுவிட்டு, ஆயில் தாங்கும் ஹோஸை வெட்டினார்.

கடைசியில் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, பிள்ளையார் படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை எடுத்து ஓட்டையருகே பிடித்தார். புகை மெல்ல உள்ளே இழுபட்டது. வெளியே தள்ளினால்தான் கவலை என்று ஊதுபத்தியைப் பிள்ளையாரிடமே திரும்பச் செருகினார். தங்கள் மையத்தில் இதே சோதனைக்கு ஒரு கருவி உண்டு, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு என்று அறிகிறேன்.

எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொட்டது. முன்பணம் கேட்கவில்லை.

ஒரு சிறு உதவியாக, அந்த மூக்கின் அளவுப் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தங்களிடம் இதே வண்டியோடு வந்து அழும் வேறு யாருக்காவது தேவைப்பட்டால் பட்டறைக்குச் சொல்லியனுப்புங்கள். மூக்கு மட்டும் தனியாகவே கிடைக்கும். அதற்காக லேத் பட்டறையை முழுசாக வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் பயணத் துணையின் பேரில் ஊர் வந்து சேர்ந்தவன்