பார்வை: இல்லை

அனுப்புநர்: தேனிப் பக்கத்துக்காரன், தனியாக நடப்பவன், கண் தெரியாதவன்.

பெறுநர்: சாலையோரத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள் (அப்படி ஒருவர் இருந்தால்).

பொருள்: தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை தனியாக நடந்து போக ஓர் ஆள் அகலத்துக்கு இடம் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இல்லை.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

மனுவில் 'பார்வை' என்ற இடத்தில் பழைய கடித எண்ணையும் தேதியையும் போடுவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். பழைய கடிதம் ஏதும் கைவசம் இல்லை. இன்னொன்று எட்டு வயதிலேயே போய்விட்டது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லில் உண்மையை எழுதிவிட்டேன். இதைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிந்து அனுப்புகிறேன். நம் இருவரில் ஒருவருக்காவது அது இருக்க வேண்டுமே.

முகவரி மொட்டையாக இருப்பதற்கு மன்னிக்கவும். தாருக்கு ஓர் அலுவலகம், சாக்கடைக்கு ஓர் அலுவலகம், மின்கம்பத்துக்கு வேறு, மரத்துக்கு வேறு, வாய்க்காலுக்கு வேறு. தாருக்கும் சாக்கடைக்கும் நடுவில் கிடக்கும் ஒன்றரை அடி மண் யாருடையது என்று சன்னல் சன்னலாகக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சன்னலிலும் அடுத்த சன்னலைக் கையால் காட்டினார்கள். காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், சத்தம் வரவில்லை.

சாலை வேலை செய்பவர்கள் அந்த மண் பட்டையைப் 'புருவம்' என்பார்கள். மழைக்குப் பிறகு புருவத்துக்கு மண் அணைக்க வேண்டும், புருவத்துப் புல்லைச் செதுக்க வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். யார் வைத்த பெயரோ, என்னை நினைத்து வைத்த மாதிரியே இருக்கிறது. கண்ணில்லாதவனுக்குப் புருவம்தான் கதி. என் வெள்ளைக் குச்சியின் முனை ஒரு தட்டுக்குத் தாரிலும் மறு தட்டுக்கு மண்ணிலும் விழ வேண்டும். தாரில் 'டக்', மண்ணில் 'பொத்'. டக், பொத், டக், பொத் என்று வந்தால் நேராகப் போகிறேன். டக், டக் என்றால் லாரிக்கு முன்னால் போகிறேன். பொத், பொத் என்றால் வாய்க்காலுக்குப் போகிறேன். பழைய தார் மேல் புதுத் தார், அதற்கு மேல் இன்னும் புதுத் தார் என்று போட்டு ஓரம் பள்ளமாகிப் போன இடத்தில் 'டக்' மட்டும் வரும், அடுத்து ஒன்றுமே வராது. தாங்கள் போட்ட சாலையில் எனக்குப் பயம் தருவது அந்த ஒன்றும் வராத இடம்தான்.

இந்த ஆனியில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு நடந்தேன். தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. நேர்த்திக்கடனா என்றார்கள். போராட்டமா என்றார்கள். சும்மாதான் என்றால் நம்பவில்லை. கார்த்திகையில் கறுப்பு வேட்டி கட்டி இருமுடியோடு இதே சாலையில் நடக்கிறவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்து சாமி என்று கும்பிடுகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவருக்கும் அப்படித்தான். வெள்ளைக் குச்சியோடு நடப்பவனுக்குத்தான் காரணம் வேண்டியிருக்கிறது.

எல்லாரும் கேட்ட இன்னொரு கேள்வி: "கூட ஆள் வரலையா?" டீக்கடையில் கேட்டார்கள், பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். தங்கும் விடுதி ஒன்றில் அறை காலியாக இருந்தது, ஆனால் 'கூட ஆள் இருந்தால்தான்' என்றார்கள். படி ஏறுவேனா, குழாயைத் திறப்பேனா, விளக்கை அணைப்பேனா என்று விடுதிக்காரருக்குக் கவலை. விளக்கை நான் போட்டால்தானே அணைக்க வேண்டும் என்றேன். அறை கிடைத்துவிட்டது.

ஆள் என்பது நம் நாட்டில் நடைபாதைக்கு மாற்று, ஐயா. நடைபாதை போட்டால் செலவு, ஆளைக் கூட்டி வரச் சொன்னால் செலவில்லை. ரயிலில் சாதாரண வகுப்புகளில் எனக்கு முக்கால் பங்கு கட்டணம் தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கும் அதே தள்ளுபடி. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் கண் தெரியாதவன் என்றாலே ஒருவரின் தோளில் கை வைத்துக்கொண்டு வருகிற உருவம்தான் எல்லார் மனத்திலும் நிற்கிறது. இரட்டைப் புலவர்களின் நிழல் அது என்று நினைக்கிறேன். இளஞ்சூரியர், முதுசூரியர் என்று இருவர். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்கு நடக்க வராது. தெரியாதவர் தோளில் நடக்காதவர் ஏறிக்கொள்ள, ஊர் ஊராகப் போனார்கள், கலம்பகமும் உலாவும் பாடினார்கள். காஞ்சி ஏகாம்பரநாதர் உலா அவர்களுடையது. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று வந்தால் நடத்துநர் சலுகை அட்டையைப் புரட்டிப் பார்த்து, "இதுல யாரு பயணி, யாரு துணையாளு?" என்று கேட்பார், பஸ் கிளம்பாது.

தனியாக நடந்தவர்களும் உண்டு என்பதற்காக ஒருவரைச் சொல்கிறேன். ஜேம்ஸ் ஹோல்மன், இங்கிலாந்துக்காரர், 1786-இல் பிறந்தவர், கடற்படை லெப்டினன்ட். இருபத்தைந்து வயதில் பார்வை முழுக்கப் போய்விட்டது. கையில் இரும்புப் பூண் போட்ட தடி. அதைத் தட்டி எதிரொலி கேட்டே உலகம் சுற்றினார். நம் பக்கத்து இலங்கைக்கும் வந்திருக்கிறார். ரஷ்யாவைக் கடந்து சைபீரியாவுக்குள் இர்க்குட்ஸ்க் வரை போய்விட்டார். அங்கே சக்கரவர்த்தியின் ஆட்கள் உளவாளி என்று சந்தேகப்பட்டு, வண்டியில் ஏற்றி எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கண் தெரியாத உளவாளி! 'இவன் எதையோ பார்க்கிறான்' என்று ஒரு சாம்ராஜ்யமே அஞ்சியிருக்கிறது. தங்களிடமிருந்து எனக்கு அந்தச் சந்தேகம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கூட்டுச்சாலையில் காவலர் ஒருவர் கையைப் பிடித்து, நான் கேட்காமலே எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார். நான் போக வேண்டியது இந்தப் பக்கம். அவர் போன பிறகு திரும்பி வந்தேன்.

வீரபாண்டியில் சற்று உட்கார்ந்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு இந்தச் சுற்றுவட்டாரமே திரளும் கௌமாரியம்மன் ஊர் அது. கண் இழந்த வீரபாண்டிய ராஜாவுக்கு அம்மன் ஒரு கண்ணையும் கண்ணீஸ்வரமுடையார் மறு கண்ணையும் கொடுத்ததாகத் தல வரலாறு. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையில் இருபது ரூபாயைத் திணித்து, "ஆத்தா கண்ணத் தொறப்பாய்யா, நடந்தது வீண்போகாது" என்றார். நான் கும்பிட வரவில்லை, டீ குடிக்க வந்தேன் என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த இருபது ரூபாயில் டீயும் வடையும் ஆயிற்று. யோசித்துப் பார்த்தால் ராஜாவும் தங்களைப் போலத்தான். கண் கிடைத்த சந்தோஷத்தில் கோயில் கட்டினான். கண் இல்லாதபோது தட்டுத் தடுமாறி வந்த பாதையை மறந்துவிட்டான். அதிகாரிக்கு ஒரு வாரமாவது கண் போனால் நல்லது என்று சாபம் கொடுக்க நான் ஆள் இல்லை, ஐயா. ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டால் போதும்.

கிலோமீட்டர் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சைத் தலை என்று பள்ளியில் படித்திருக்கிறேன். தேனியிலிருந்து குமுளி போகிற சாலை முன்பு 220 என்றார்கள், இப்போது 183 என்கிறார்கள். எண் மாறியதை என் முழங்கால் கண்டுகொள்ளவில்லை. கல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

புறவழிச்சாலை பிரிகிற இடம் தனிச் சங்கதி. கண் உள்ளவருக்குப் பலகை இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது. எனக்குக் காலுக்குக் கீழே இரண்டும் ஒரே தார். கால் மணி நேரம் நடந்த பிறகுதான் உறைத்தது, டீக்கடைப் பாட்டு இல்லை, கறிக்கடைக் கட்டைச் சத்தம் இல்லை, பள்ளிக்கூட மணி இல்லை, ஊரையே காணோம். ஆடு மேய்த்த ஒரு பையன்தான் சொன்னான்: "அண்ணே, ஊரு அங்கிட்டு போச்சு." ஊர்தான் வழி தவறிப் போய்விட்ட மாதிரி சொன்னான். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

ஊருக்குள் போனால் வழி தவறவே தவறாது. எண்ணெய்ப் பலகாரம், மாட்டுத் தொழுவம், அரைவை மில், நனைந்த நெல் வயல் என்று மூக்குக்கு முழு வரைபடம் உண்டு. காலையில் முதுகிலும் இடது தோளிலும் வெயில் விழுந்தால் கம்பத்தைப் பார்த்துப் போகிறேன் என்று பொருள். ஜூன் முதலில் தேக்கடியில் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் சத்தம் கூடவே வரும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கான தண்ணீர் அது. என் கையைப் பிடித்து வருகிற துணையாளும் அதுதான், தள்ளுபடி கேட்பதில்லை. ஆனால் ஆனிக் காற்று இருக்கிறதே! மேற்கு மலையிலிருந்து இறங்கி முகத்தில் அறையும். அறைகிற நேரத்தில் காதுக்குள் ஓர் இரைச்சல் மட்டும்தான். மற்றவருக்குக் கண்ணில் மண் விழும், எனக்குக் காதில் விழுகிறது. அப்போதுதான் ஏலத்தோட்ட ஜீப்புகளும் வரும். விடியலில் மலைக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போக ஒரு பந்தயம், சாயங்காலம் இறக்கிவிட ஒரு பந்தயம். அந்தப் பெண்களுக்குக் கூலி நேரம் தவறக் கூடாது, ஓட்டுநருக்கு அடுத்த சவாரி தவறக் கூடாது. கம்பத்துக்கு முன்னால் ஒன்று என் குச்சியின் முனையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. குச்சி கையில் சுழன்றது. ஜீப்புக்குள் பத்துப் பேர் 'ஐயையோ' என்று கத்தினார்கள். எத்தனை பேர் என்று குரலை வைத்துச் சொல்கிறேன், கூடக் குறைய இருக்கலாம்.

இந்த இடத்தில் தாங்கள் 'தொடு ஓடு பதிக்கிறோமே' என்பீர்கள். அறிவேன். ஜப்பானில் மியாகே செய்இச்சி கண்டுபிடித்தது, 1967 மார்ச்சில் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். விஷயம் எளிது. நீளக் கோடு வைத்த ஓடு 'போ' என்கிறது, புள்ளி வைத்த ஓடு 'நில்' என்கிறது. நான் போன ஒரு கட்டடத்தில் கொத்தனாருக்குப் புள்ளிதான் பிடித்திருந்தது போலும். வாசலிலிருந்து சன்னல் வரை முழுக்கப் புள்ளி. நில், நில், நில், நில் என்று நாற்பது அடி. நான் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

சட்டம் பேசாமல் மனு முடியாது. இந்தியச் சாலைப் பேரவையின் 103-ஆம் எண் வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது. உயரத்தைப் படித்தபோது கண் கலங்கியது, அந்த வேலைக்கு மட்டும் அது இன்னும் உதவுகிறது. என் நெற்றியை நினைத்துப் பார்த்த ஒருவர் எங்கோ இருந்திருக்கிறார். நம்மூர் ப்ளெக்ஸ் பேனர் கட்டுகிறவர் அவர் இல்லை. காதுகுத்து, திருமணம், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் சவுக்குக் கம்பும் கயிறும் என் கழுத்து உயரத்தில்தான்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. வழக்குப் போட்ட ராஜீவ் ரதூரியும் பார்வை இல்லாதவர். அவர் மனுப் போட்டது 2005-இல். 2025 மே மாதம், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதை உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்றும் சொல்லிவிட்டது. வாழும் உரிமை என்பது மிகச் சரியான சொல். அந்த ஜீப் தாண்டிய நொடியில் எனக்கும் அதேதான் தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் லோயர் கேம்ப் சேர்ந்தேன். அணை கட்டி ஆற்றைத் திருப்பிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிற ஊர். ராட்சதக் குழாயில் தண்ணீர் மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்குவதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேற்கே போய்க்கொண்டிருந்த ஆறு அது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள், 1895-இல். புருவத்தின் நடுவில் நட்டுவைத்த மின்கம்பத்தை ஒரு முழம் தள்ளி நட எந்த மலையையும் குடைய வேண்டாம், ஐயா. வழியில் பதினோரு கம்பங்களைக் கணக்கெடுத்தேன். மனப்பாடமாக இருக்கிறது, வந்து காட்டத் தயார். துணைக்கு ஆள் தேவையென்றால் தாங்கள் அழைத்து வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண் தெரியாத நடைக்காரன்.

இணைப்பு: முழங்கால் ஒன்று, நெற்றி ஒன்று (நேரில் காட்டப்படும்).

நகல்: வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு, அடுத்த சித்திரையில் யாராவது எடுக்கும் ஆயிரங்கண் பானையில் வைத்து.