இடைவேளைக்கு முன் சாகாதோர்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் கைப்பேசி ஆட்டத்தில் கதாநாயகக் கோட்பாடு

ஒரு மனிதரை எடைபோட நம்மவர் கையாளும் அளவுகோல்கள் பல: எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார், எந்தக் கடையில் பிரியாணி வாங்குகிறார், கல்யாணத்தில் எந்தப் பந்தியில் உட்காருகிறார். இக்கட்டுரை இவற்றைவிட உறுதியான ஒன்றை முன்வைக்கிறது. மொபைல் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் தம் உயிர்க்கோடு சிவந்து, எதிரே புதருக்குள் மூவர் பதுங்கியிருப்பதும் தெரிந்த நிலையில், அவர் திரும்பி ஓடுகிறாரா, உள்ளே போகிறாரா? பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடை மேசைகளிலும், கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரும் கொமுட்டர் ரயிலிலும் இந்த வினாவுக்கு அன்றாடம் விடை கிடைக்கிறது. உள்ளேதான் போகிறார். போனவர் சாகிறார். செத்த மறுகணமே, "டேய், ஹீலர் எங்கடா?" என்று கேட்கிறார். இதற்கு விரல் வேகத்தையோ வைஃபையையோ குறைசொல்வது மேலோட்டமான ஆய்வு. அவருக்கு எட்டு வயதில் வாய்த்த கதாநாயகனே காரணம் என்பது நம் துணிபு. அந்தக் கதாநாயகன் வீரத்தைக் கற்றுக்கொடுத்ததாகப் பலர் நம்புகிறார்கள். அவன் உண்மையில் கற்றுக்கொடுத்தது ஒரு காலக்கணக்கு: இடைவேளைக்கு முன் கதாநாயகன் சாவதில்லை.

ஆட்டம் அறியாதோர்க்குச் சுருங்கச் சொல்வோம். மூன்ட்டன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஐவருக்கு எதிர் ஐவர். நடுவே மூன்று பாதைகள், அவற்றைக் காக்கும் கோபுரங்கள், இடையிடையே காடு. தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்த போர்முறைகள் இதில் பழுதின்றி விளங்குகின்றன. எதிரியின் காட்டில் நுழைந்து அவனுக்குரிய மிருகத்தைத் தட்டிக்கொண்டு வருவது வெட்சி. கோபுரத்தைச் சூழ்ந்து இடிப்பது உழிஞை. பத்துப் பேரும் ஓரிடத்தில் மோதிக்கொள்வது தும்பை. வென்றவர் சூடுவது வாகை. ஐவரும் ஒரே வேலையைச் செய்ய முடியாது. தூர நின்று சுடுபவர் ஒருவர், மந்திரம் எறிபவர் ஒருவர், காட்டில் திரிபவர் ஒருவர் எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவருள் ஒருவர் டேங்க். முன்னால் போய் அடி வாங்குவதே அவர் தொழில். நம்மவர் ஐவர் கூடினால் முதல் நால்வரும் சுடுபவரையும் வெட்டுபவரையும் தேர்ந்தெடுத்து முடித்துவிடுவார்கள்; சிகரெட் வாங்கப் போய்ப் பிந்தி வந்தவர் தலையில் டேங்க் விழும். அவரும் அதை எடுத்துக்கொண்டு தளபதி போல் தனியே போய் அடிக்கத் தொடங்குவார். எபிக் என்னும் படிநிலையில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிட்ட அணிகளின் வரலாறு இதுவே.

சான்றுகளைத் தலைமுறை வாரியாக நோக்குவோம். தோட்டத்துத் திடலில் திரை கட்டி எம்.ஜி.ஆர். படம் பார்த்தவர்கள் முதலாமவர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டோடு முடங்கியபோது பேரப்பிள்ளைகள் இவர்கள் கைப்பேசியில் லூடோவை இறக்கிக் கொடுத்தார்கள். எதிரி தவறவிட்ட வாளை எடுத்துக் கொடுத்துவிட்டே சண்டையைத் தொடரும் வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள், ஆகவே பழம் எடுக்கப்போகும் பேத்தியின் காயை வெட்டக் கூசுகிறார்கள். வெட்டினால் நம்பியார் ஆகிவிடுவோமோ என்ற அச்சம். அடுத்து ரஜினி தலைமுறை: 1984இல் டிவி3 வந்தபோது பிறந்து, வீடியோ கேசட்டில் கண் திறந்து, 1996இல் ஆஸ்ட்ரோவின் வானவில் பார்த்து மீசை முளைத்தவர்கள். இவர்களின் மூலநூல் 1995இல் வந்த 'பாட்ஷா'. எட்டாவது நிமிடத்தில் இவர்களில் ஒருவரின் கணக்கு 0/7/1: கொன்றது சுழி, செத்தது ஏழு, உதவியது ஒன்று. கூட்டாளிகள் நால்வரும் தலையில் கைவைத்திருக்க, அவர் முகம் மாறாமல் தே தாரிக்கை உறிஞ்சுகிறார். அவர் கணக்கில் இப்போதுதான் கம்பத்தில் கட்டி அடித்து முடித்திருக்கிறார்கள், இனிமேல்தான் படமே. மூன்றாமவர் விஜய், அஜித் தலைமுறை. இவர்கள் கவலை முழுதும் அறிமுகக் காட்சியில். அஜித்தின் 'பில்லா' 2007இல் இந்த மண்ணிலேயே எடுக்கப்பட்டதையும் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் நடந்துகொண்டே இருந்ததையும் கண்டவர்கள், சம்பளம் வந்த அன்றே டைமண்ட் டாப் அப் செய்து ஸ்கின் வாங்குகிறார்கள். உடை மாறியதால் அடியின் வலு கூடிவிடாது என்பது அவர்களுக்கும் தெரியும். கதாநாயகன் பழைய சட்டையோடு நுழைவது முறையன்று, அவ்வளவே.

இக்கோட்பாட்டின் உரைகல் சரணடையும் பொத்தான். தோல்வி உறுதியாகிவிட்டால் அணியினர் வாக்களித்து ஆட்டத்தை முடித்துக்கொள்ள அதில் வழியுண்டு. நம்மவர் விரல் அந்தப் பக்கம் போவதில்லை. திரையில் சரணடைந்த கதாநாயகனை அவர்கள் கண்டதில்லை என்பதே காரணம். 'கபாலி'யில் கண்டார்களே எனின், அந்தச் சான்று நம் பக்கமே பேசுகிறது. சிறையிலிருந்து கபாலி வெளியே வரும் அப்படம் 2016இல் வந்தபோது, மற்ற நாடுகளில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. மலேசியப் பதிப்பில் மட்டும் அவர் போலீசிடம் சரணடைந்துவிட்டதாக எழுத்துப் போட்டார்கள். எழுத்துத்தான் வந்தது, காட்சி வரவில்லை. கண்ணால் காணாத சரணாகதியை ரசிகர் எப்படி ஏற்பார்? தணிக்கையால் முடியாததை ஒரு பொத்தானால் சாதித்துவிட முடியாது. சாகாத கதாநாயகன் என்பதே பொய், 1956இல் 'மதுரை வீரன்' செத்தாரே என்று வேறு சிலர் வாதிடுவர். செத்தார், மறுப்பதற்கில்லை. செத்துத் தெய்வமாகித் தோட்டந்தோறும் கோயில் கொண்டார். செத்தவர் சில வினாடிகளில் முன்னிலும் மிடுக்காகத் தளத்தில் எழுந்து நிற்பதை ஆட்டக்காரர்கள் ரெஸ்பான் என்பார்கள். இதில் நமக்குப் புதுமை ஏதுமில்லை.

இனி வலுவான தடைக்கு வருவோம். பக்கத்து மேசையின் சீன நண்பரும் மலாய் நண்பரும் தனியே ஓடிச் சாகவில்லையா? சாகிறார்கள், ஆனால் சாகும் முறை வேறு. ஜாக்கி சான் பலரை எதிர்த்து ஒருவராய் நிற்பவர்தாம், ஆயினும் நாற்காலியை எடுப்பார், ஏணியைப் பிடிப்பார், சுவரேறி ஓடுவார், அடி பட்டால் கையை உதறுவார். படம் முடிந்தபின் எலும்பு முறிந்த காட்சிகளையும் காட்டுவார். அவரிடம் பயின்றவர் கோபுரத்தின் மறைவுக்கு ஓடுவதை இழிவாக நினைப்பதில்லை. நம் கதாநாயகன் ஓடினால் அது டூயட்டில் மட்டுமே. மூவினத்தாருக்கும் பொதுவான குரு அல்ட்ராமேன். பூமியில் அவனுக்கு மூன்று நிமிடமே. மார்பு விளக்கு மினுக்கத் தொடங்கியபின்தான் கதிரை வீசுவான். எடுத்தவுடன் வீசினால் என்ன என்று கேட்காத குழந்தை இந்நாட்டில் இல்லை. வளர்ந்தபின் தம்முடைய அல்டிமேட் என்னும் பேராயுதத்தை வீசாமலே செத்துப்போகாத ஆட்டக்காரரும் இல்லை. தமிழ்ப் பிள்ளை அல்ட்ராமேனையும் பார்த்தது, பாட்ஷாவையும் பார்த்தது. சேதம் இரட்டிப்பு. புதிய பிள்ளைகளுக்கு 2011இல் டிவி3இல் 'போபோய்போய்' வந்தது; அதில் நம் கோபால், பொருள்களைத் தின்பண்டமாக மாற்றும் பயந்தாங்கொள்ளித் தோழன். துணைப்பாத்திரமாக இருக்கப் பழகிய தலைமுறை வந்துவிட்டது எனச் சிலர் மகிழ்வர். கோபாலைக் கண்டு சிரிப்பார்கள். கோபாலாக ஆட எவரும் டைமண்ட் செலவழிக்கமாட்டார்.

குற்றம் ஆட்டத்தினுடையதே, கதாபாத்திரம் ஒவ்வொன்றையும் ஹீரோ என்றழைத்து, ஐவரை ஒருவரே கொன்றால் 'சாவேஜ்' என்று கூவிக் கெடுக்கிறது என்பாரும் உளர். அற்றன்று. அதே கூவலைக் கேட்டு வளர்ந்த செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி, 2024 ஜூலையில் ரியாத்தில் ஃபால்கன்ஸ் ஏபி பிரென் அணியை 4-3 என்று வென்று இந்த ஆட்டத்தின் எம்எஸ்சி கோப்பையைக் கொண்டுவந்தது. அணியின் பெயரிலிருப்பது நம் மாநிலம்தான். ஐவரில் ஒருவர் அடி வாங்கினார், பிறர் அடித்தனர். எனவே ஆட்டம் தப்பில்லை. கதாநாயகனும் தப்பில்லை என்பதே நம் ஆய்வின் அடுத்த முடிவு. தவறு ரிமோட்டில். கேசட்டை ஓடவிட்டு ஓடவிட்டு நாம் சண்டைக் காட்சிகளை மட்டும் பார்த்தோம். 'பாட்ஷா'வை முழுதாகப் பார்த்தால், தம்பிக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று, திருப்பி அடிக்கும் வலுவிருந்தும் கம்பத்தில் கட்டுண்டு அடி வாங்கும் மாணிக்கம் தெரிவார். டேங்க்கின் இலக்கணம் அதுவே. ஐவரும் பாட்ஷாவாக வந்தால் மாணிக்கமாக நிற்க ஆளில்லை. தோல்வியின் சூத்திரம் இவ்வளவுதான்.

மரபும் இதற்குத் துணைநிற்கிறது. தன் படை முறிந்து பின்வாங்குகையில் பின்னே நின்று எதிரியைத் தாங்குபவனுக்குப் புறப்பொருள் வெண்பாமாலை தும்பைப் படலத்தில் எருமை மறம் என்று தனித்துறையே வகுத்தது. இதைவிடக் கண்கூடான சான்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: கட்டோட்காச்சா என்னும் டேங்க். இந்தோனேசிய வயாங் கூத்தின் வழியாக வந்த நம் கடோற்கஜன். 1957இன் 'மாயாபஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவாகக் கல்யாணச் சமையலை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தவர். பதினான்காம் நாள் இரவில், அருச்சுனனுக்கென்று கர்ணன் பொத்திவைத்திருந்த இந்திரனின் வேலைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டார். ஒருமுறையே எறியக்கூடிய அல்டிமேட் அது. அவர் விழும்போதும் உடலைப் பெருக்கிக் கௌரவர் படையில் ஒரு பகுதியை நசுக்கிவிட்டே விழுந்தார். பாண்டவர் அழ, கண்ணன் மகிழ்ந்தான். அணித்தலைவன் என்பவன் கணக்குத் தெரிந்தவன். அருச்சுனனுக்குப் புகழ், கடோற்கஜனுக்குச் சாவு, அணிக்கு வெற்றி என்பதே அங்கே நடந்த பங்கீடு. கடோற்கஜனும் அருச்சுனனாக ஆசைப்பட்டிருந்தால் பாரதம் பதினான்காம் நாளே முடிந்திருக்கும்.

ஆகவே இப்பள்ளத்தாக்கின் அணிகளுக்கு நாம் பரிந்துரைப்பது இரண்டே. பிள்ளைகளுக்குப் பழைய படம் போட்டுக் காட்டுவோர், ரிமோட்டைக் கையில் கொடுக்காமல் முதல் பாதியையும் காட்டுக. ஐவர் கூடி ஆடுவோர், டேங்க் எடுப்பவரின் ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் மற்ற நால்வரும் காசு கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்க. தியாகம் மட்டும் சம்பளமாக இருந்தால் அந்த வேலைக்கு ஆள் வராது. பில்லும் மிச்சமாகிறதென்றால் நாளைக்கே நால்வர் போட்டியிடுவர்.