நீ பச்சையா, கருப்பா பேராண்டி?

பேராண்டி, ஒங்கிட்ட ஒன்னு கேக்கணும். நீ பச்சைக் கட்சியா, கரிக் கட்சியா? இப்பல்லாம் அதச் சொல்லாம டீக்கடை பெஞ்சிலகூட ஒக்கார முடியல. "நிலக்கரி ஒழிக"ங்குறான் ஒருத்தன். "காத்தாடிய நம்பி ஃபேக்டரி ஓட்டுவியா"ங்குறான் இன்னொருத்தன். ரெண்டு பேரு போனும் கடைச் செவுத்துல சார்ஜு ஏறிக்கிட்டுக் கெடக்கு. ஏப்பா, இந்தக் கரண்டு எங்கிட்டிருந்து வருதுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் செவுத்தக் காட்டுறாய்ங்க.

செவுத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு இந்தக் கெழவன் சொல்றேன், கேளு. கேட்டுட்டு மறந்துரு. நல்ல புத்திய மறக்குறதுதேன ஒங்க வயசுக்குச் சோலி?

நம்ம எஸ்டேட்டு லயத்துப் பய ஒருத்தன் கரண்டு ஸ்கூட்டர் வாங்கிட்டான். நல்ல வண்டிதேன். சத்தமில்ல, பொகையில்ல. குட்டிக்கானம் மேட்டுல மொணங்காம ஏறுது. எறக்கத்துல பிரேக்கப் பிடிச்சா பேட்டரிக்கே கொஞ்சம் கரண்டு திரும்புதாம். அது மூளையுள்ளவன் செஞ்ச வேலை, ஒத்துக்கிடுறேன். நம்பர் பலகையும் பச்சை. அதப் பாத்ததுல இருந்து பய நடையே மாறிப்போச்சு. பெட்ரோல் வண்டிக்காரனக் கண்டா மூக்கப் பொத்துறான்.

அந்த வண்டிக்கு ஏறுற கரண்டு எங்கிட்டிருந்து வருது? கேரளாவுல எரியுற பத்துப் பங்கு கரண்டுல ஏழு பங்குக்குப் பக்கமா வெளியிலருந்து வாங்குறதுதேன். ஒடிசாவுல தால்ச்சர், தெலங்கானாவுல ராமகுண்டம், ஆந்திராவுல சிம்மாத்ரி, அங்கிட்டு நெய்வேலின்னு பல ஊருலருந்து வருது. எல்லாமே கரி எரிக்கிற ஊரு. பொகை இல்லாமயா போச்சு? தால்ச்சர்காரன் மூக்குக்குப் போயிருச்சு. ஒன் மூக்கு தப்பிச்சிருச்சு, அம்புட்டுத்தேன். அதுக்காகப் பெட்ரோல் வண்டி ஒசத்தின்னு நான் சொல்ல வரல. அதுல ஊத்துற எண்ணெயில முக்கா பங்கு சூடாவே போயிருது, சக்கரத்துக்குப் போறது கொஞ்சம்தேன். கரண்டு வண்டி சிக்கனக்காரன். சிக்கனக்காரன்னு சொல்லிக்கோ, நல்லது. சாமியாருன்னு சொல்லாத.

எந்த அடுப்புக்கும் சாம்பல் உண்டு பேராண்டி. அத யாரு வாசல்ல கொட்டுறாகன்னு கேக்கத் தெரியணும். எண்ணூர்ல கழிமுகத்துல கொட்டுனாக, மீன் பிடிக்கிற சனம் பொலம்புச்சு. நெய்வேலியில ஊரையே தோண்டுனாக. 2023 ஜூலையில வளையமாதேவிப் பக்கம் சுரங்கத்துக்குக் கால்வா வெட்ட, நட்டு நின்ன நெல்லுக்குள்ள மண்ணு வெட்டுற மிஷின எறக்குனாக. டிவியில நீயும்தேன் பாத்த. "அய்யோ பாவம்"ன்னு சொல்லிட்டு ஃபேனக் கூட்டி வச்ச.

"தாத்தா, நம்ம தண்ணிக் கரண்டு சுத்தமாச்சே"ன்னு கேப்ப. இடுக்கிக்காரன்னா அப்படித்தேன் கேக்கணும். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல வளைச்சுக் கட்டுன அணை, 555 அடி ஒசரம். கொலும்பன்னு ஒரு மலைவாசித் தலைவரு எடத்தக் காட்டிக் குடுத்தாருன்னு சொல்லுவாக. 1976 பிப்ரவரியில இந்திரா காந்தி தொறந்து வச்சாக. அணைக்கிட்டப் போயி மிஷினத் தேடாத, அங்க இருக்காது. தண்ணி மலைக்குள்ள பூந்து, மூலமட்டத்துல ரெண்டாயிரம் அடிக்கு மேல எறங்கி, பாறைக்குள்ள இருக்குற ஆறு மிஷினச் சுத்துது. ஒன்னொன்னும் 130 மெகாவாட். மொத்தம் 780. கரியும் இல்ல, பொகையும் இல்ல.

சாம்பல்? இருக்கு. அய்யப்பன்கோவிலுக்கு நீ போட்டோ எடுக்கப் போறேல்ல, அந்தத் தொங்கு பாலம்? அணையில தண்ணி ஏறுனா பழைய கோயிலச் சுத்தித் தண்ணி நிக்குதே, அங்கதேன். அது குடியிருந்த எடம், பேராண்டி. மெளகும் கப்பையும் போட்டு வச்சிருந்த சனத்த 1961ல அணைக்காகக் கெளப்பி, நம்ம குமுளிக்குப் பக்கத்துல அமராவதியில கொண்டாந்து எறக்கிவிட்டாக. மழைக்காலம். தலைக்கு மேல கூரை கெடையாது. குழந்தை குட்டியோட ஈரத்துல கெடந்துச்சு சனம். கம்யூனிஸ்ட் தலைவரு ஏ.கே.கோபாலன் அங்கயே வந்து உண்ணாவிரதம் இருந்தாரு. அதுக்குப் பெறகுதேன் சர்க்காரு காது கேட்டுச்சு. இடுக்கிக் கரண்டுல சாம்பல் இல்லேன்னு எவனாவது சொன்னா, அவன அமராவதிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கட்டஞ்சாயா வாங்கிக் குடு. கடையில இருக்குற பெருசுகளே மிச்சத்தச் சொல்லும்.

நம்ம பெரியாறும் அப்படித்தேன். 1895ல பென்னிகுவிக் தொரை அணையக் கட்டித் தண்ணியக் கெழக்க திருப்புனாரு. அது லோயர் கேம்புல எறங்கிக் கரண்டாகுது, பெறகு கம்பத்து வயலுக்குப் பாயுது. ஒரே தண்ணிக்கு ரெண்டு சோலி. இதவிடச் சிக்கனம் எவன் கண்டான்? ஆனா 2018 ஆகஸ்டுல மழை மீறுன ராத்திரி, இதே ஆறு இங்க ஆத்தோரத்து வீட்டுக்குள்ள வந்துச்சு. 2021 டிசம்பர்லயும் ராத்திரியில வந்துச்சு. பாத்திரம், பண்டம், புள்ளைகளோட புஸ்தகம் எல்லாம் சேறு. கேரளாக்காரன் மேல தப்பா, தமிழ்நாட்டுக்காரன் மேல தப்பாங்குற வம்புக்கு நான் வரல. எனக்கு ரெண்டு பக்கமும் சம்பந்தி இருக்காக.

சரி, காத்தாடிக்கு வருவோம். ராமக்கல்மேட்டுல நிக்குதே, பாத்திருக்கியா? நின்னாலே மனுசன அடிச்சுத் தள்ளுற காத்து. கீழ தேனிப் பக்கமும் வரிசையா நட்டிருக்கான். தமிழ்நாடு பூராவும் சேத்தா பத்தாயிரம் மெகாவாட்டத் தாண்டிருச்சு. வைகாசியில ஆரம்பிச்சுப் புரட்டாசி வரைக்கும் கொண்டாட்டம். அந்த மாசத்துல சில நாளு "போதும், நிறுத்து"ங்குற அளவுக்கு வருதாம். பெறகு? சித்திரைப் புழுக்கத்துல ஊரே விசிறி தேடும்போது காத்தாடியும் சும்மா நிக்கும். காத்துக்குச் சம்பள நாளும் தெரியாது, திருவிழா நாளும் தெரியாது.

சூரியனப் பத்திக் கேளு. போன வருசம் ஒரு விக்கிற பய வந்தான், பளபளன்னு ஒரு நோட்டீசோட. நோட்டீசுல கமுதி. 2016ல ராமநாதபுரம் சீமையில 2,500 ஏக்கருல 648 மெகாவாட்டுக்குச் சூரியத் தகடு விரிச்சாகளே, அந்தப் படம். "அய்யா, இதே மாதிரி ஒங்க வீட்டுலயும்"ங்குறான். அவன் வந்தது ஆடி மாசம். கைய நீட்டுனா வெரலு தெரியாத மஞ்சு. "தம்பி, சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு தடவ காட்டு, வாங்கிக்கிடுறேன்"னேன். பாவம், அண்ணாந்து பாத்துட்டு நோட்டீச மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான். கமுதி வெயிலும் பீர்மேட்டு மழையும் ஒன்னா?

ஆனா நாயமாப் பேசணும். தையிலருந்து பங்குனி, சித்திரை வரைக்கும் இங்கயும் தகரக் கூரை காலச் சுடுது. அப்பத்தேன் அணையும் எறங்குது, கரண்டுத் தேவையும் ஏறுது. அந்த மாசத்துக்குத் தகடு நல்லாவே ஒழைக்கும். சிக்கல் என்னன்னா, 2024 மே மாசத்துல கேரளா முழுக்க ஒரே நேரத்துல 5,700 மெகாவாட்டுக்கு மேல இழுத்துச்சு பாரு, அது ராத்திரி. கொச்சிக்காரன் ஏசியப் போட்டுப் படுக்குற நேரம். சூரியன் அதுக்கு முன்னாலயே படுத்துட்டான்.

இங்கதேன் கொஞ்சம் புத்திய ஓட்டணும். பகல்ல தகடு தர்றத எடுத்துக்கோ, அணைத் தண்ணியத் தொடாத. அந்தி சாஞ்சதும் தண்ணிய விடு. பேட்டரி பேட்டரின்னு சீனாவுக்கு ஓடுறாய்ங்க, நம்ம மலை மேல அம்புட்டுப் பெரிய பேட்டரி ததும்பிக்கிட்டுக் கெடக்கு. இது ஒன்னும் புதுசில்ல. ஆனமலையில காடம்பாறைன்னு ஒரு எடம், 1980கள்லயே 400 மெகாவாட்டுக்குக் கட்டிட்டாக. கரண்டு மிஞ்சுற நேரத்துல கீழ கெடக்குற தண்ணிய மேல ஏத்துறது, கேக்குற நேரத்துல எறக்குறது. ஏத்துறதுக்கு ஆகுற செலவு எறங்கும்போது வர்றதவிடக் கூடுதல்தேன். "நட்டமாச்சே"ம்ப. மலிவா இருக்குறப்ப வாங்கி, கிராக்கியா இருக்குறப்ப விக்கிறவனுக்கு எடையில கொஞ்சம் கொறஞ்சா நட்டமா? ஒங்க பாட்டி ஏலக்காய்ல அதத்தேன் செஞ்சா.

பாட்டின்னதும் ஞாபகம் வருது. அவ அடுப்படிய எட்டிப் பாத்திருக்கியா? கவாத்து முடிஞ்சா தேயிலைக் குச்சியக் கட்டுக் கட்டாச் சுமந்துட்டு வந்து வெளிச்செவுத்தோரம் அடுக்குவா. நல்லா எரியும். காசில்ல. வெட்டுன செடி திரும்பத் துளுக்குறதால, ஒங்க படிச்சவன் கணக்குப்படி அது சுத்தமான பச்சை. அந்தப் பச்சையில அம்பது வருசம் ஊதி ஊதித்தேன் அவ கண்ணு செவந்துச்சு, நெஞ்சு இழுக்குது. இப்ப சிலிண்டர் வந்திருக்கு. அது பூமிக்கடியில இருந்து வர்ற எண்ணெய் வாயு, அதாவது கரிக் கட்சி. அதப் பத்த வச்சா அவ இருமுறதில்ல. ஆனா வெலையப் பாத்துட்டு, விருந்தாளி வந்தா மட்டும் பத்த வைக்கிறா. குளிக்க வென்னிக்கு இன்னமும் குச்சிதேன். இப்பச் சொல்லு பேராண்டி, ஒங்க பாட்டி எந்தக் கட்சி?

நீ குடிக்கிற டீயும் அந்த ரகம்தேன். நாலு நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோத் தூளு. மிச்சம் பூராவும் தண்ணி. அந்தத் தண்ணிய வெரட்ட ஃபேக்டரி டிரையருக்குச் சூடு வேணும், அது பெரும்பாலும் வெறகுலதேன். அதுக்குக் கிராண்டிஸ்ங்குற தைல மரம் நட்டு வச்சிருக்கான். காகிதத்துல அதுவும் பச்சை. வட்டவடைப் பக்கம் வெவசாயியக் கேளு, கிராண்டிஸ் வந்த மேட்டுல ஊத்து வத்திப்போச்சுன்னு பொலம்புவான். டீத்தூள் பொட்டலத்துல ரெண்டு இலையும் ஒரு மொட்டும் படம் போடுறான், அடுப்புப் படத்த எவன் போடுறான்?

இதுல பெரிய கூத்து ஒன்னு இருக்கு. இடுக்கியில பொறக்குற கரண்டு கொச்சி வரைக்கும் தங்கு தடையில்லாமப் போகுது. ஆடிக் காத்துல ஒரு கொம்பு கம்பியில விழுந்தா, நம்ம லயத்துக்கு லைன்மேன் வர்ற வரைக்கும் மெழுகுவத்திதேன். மெழுகு எதுல இருந்து வருது? அதே கச்சா எண்ணெயில இருந்துதேன். சிரிக்காத, இருட்டுல அதுவும் ஒசத்திதேன்.

அதனால கரியத் திட்டுறவனக் கண்டா, நீ எத்தன லைட்டு போடுறன்னு கேளு. கரியத் தூக்கிப் பிடிக்கிறவனக் கண்டா, சாம்பலக் கொட்ட ஒன் வாசலத் தர்றியான்னு கேளு. ரெண்டு பேரும் டீக்குக் காசு குடுக்காமயே எந்திரிச்சுப் போயிருவாய்ங்க. என் தீர்ப்பு வேணும்னா இதுதேன்: கரி ஒரே நாளுல போகாது, ஆனா போகத்தேன் வேணும். புதுசா வர்ற எதுவும் பழசு செஞ்ச அமராவதிய மறுபடி செய்யக் கூடாது.

கடைசியா ஒரு சோலி இருக்கு ஒனக்கு. 2024ல தில்லிச் சர்க்காரு கூரைத் தகடுக்கு மானியம் அறிவிச்சிருக்கு. மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூவா வரைக்கும் கெடைக்கும். நல்ல திட்டம். ஆனா அதுக்குச் சொந்த வீடும் சொந்தக் கூரையும் வேணும். லயத்துக் கூரை யாரு பேருல இருக்கு? எஸ்டேட்டுக்காரன் பேருல. மூணு தலைமொறையா அந்தக் கூரை ஒழுகுறதுக்குப் பாத்திரம் வச்சது நாங்க, பத்திரம் மட்டும் அவன்கிட்ட. அப்ப மானியம் யாருக்கு வரும், ஆத்தோரம் ரிசார்ட் பக்கத்துல ரெண்டு மாடி கட்டுனவனுக்கா?

அடுத்த கிராமசபைக்குப் போ பேராண்டி. போன உள்ள வச்சுட்டு எந்திரிச்சு நில்லு. லயத்து சனத்துக்கு ஃபேக்டரிக் கூரையிலயோ பள்ளிக்கூடத்துக் கூரையிலயோ பொதுவாத் தகடு போட்டு, கரண்டு பில்லுல கழிச்சுக் குடுக்க முடியுமான்னு கேளு. முடியாதுன்னா ஏன்னு கேளு. பதில எழுத்துல வாங்கிட்டு வா, கண்ணாடி போட்டுக்கிட்டு நானே படிச்சுக்கிடுறேன்.