ஒரு பிரியாணிக்குப் பத்து கிலோமீட்டர்

மின்சார கார் வாங்க எனக்கு நாலு நாள் ஆனது. அந்தக் காருக்கு இன்னொரு சார்ஜர் வாங்கலாமா வேண்டாமா என்று நாலு மாதம் யோசித்தேன். தோல் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. லட்சங்கள் ஒரு கையெழுத்தில் போய்விடும். டீச்செலவு வவுச்சருக்குத்தான் விளக்கம் கேட்பார்கள்.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில். வாடிக்கைக்காரர்கள் மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிச் சிதறிக் கிடக்கிறார்கள். காலையில் கிளம்பி பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஆம்பூர், அங்கிருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக வீடு என்று ஒரு சுற்றுச் சுற்றினால் 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். காரின் பேட்டரி 24 யூனிட் பிடிக்கும். யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாமல் வேலூரில் உயிர் வாழ முடியாது என்ற நிலையில், ஆறு. எப்படிப் பார்த்தாலும் சுற்றி முடித்து வீடு வந்து சேரலாம். கணக்குப்படி இன்னொரு சார்ஜர் தேவையே இல்லை. ஆனால் 'கணக்குப்படி' என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் என்ன மரியாதை என்பது எனக்குத் தெரியும்.

காரோடு ஒரு கேபிள் கொடுத்திருந்தார்கள். ஒரு முனையில் கீசருக்குப் போடுகிற பெரிய 15 ஆம்ப் பிளக், நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, மறுமுனையில் காருக்குள் சொருகும் கன். போன பங்குனியில் பேரணாம்பட்டில் மாமனார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் கேபிளை அங்கேயே விட்டுவிட்டு வேலூர் வந்துவிட்டேன். வேலூரைப் பற்றி ஊர்ப்பக்கம் ஒரு சொலவடை உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமியை 1981இல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்ப எழுந்தருளச் செய்தார்கள். அன்று முதல் சொலவடையில் ஒரு இடம் காலி. கேபிள் இல்லாத காரை வாசலில் நிறுத்தி அந்தக் காலியிடத்தை நான் நிரப்பினேன்.

"இன்னொண்ணு வாங்கி டிக்கியில போட்டு வெச்சுட்டா இந்தப் பிரச்சினையே இல்ல" என்றேன் மனைவியிடம். விலை இருபதாயிரத்துச் சொச்சம் என்பதை இருமலோடு சேர்த்துச் சொன்னேன்.

"இருக்கிறதை மறக்காம எடுத்துட்டு வந்தா செலவே இல்லையே."

இந்த மாதிரி வாதத்துக்கு நேராகப் பதில் சொல்லக் கூடாது. சட்டத்துக்குப் போனேன். டேனரிக் கழிவு சம்பந்தமாக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. சேதம் நிச்சயமா என்று தெரியாவிட்டாலும் முன்கூட்டியே தடுக்க வேண்டும். நம் மாவட்டம் தேசத்துக்குக் கொடுத்த கொடை அது. அந்த மரியாதைக்காகவாவது ஒரு சார்ஜர் வாங்கலாம் என்று எடுத்துரைத்தேன்.

"அதே தீர்ப்புலதானே, கெடுத்தவன் காசு கட்டணும்னும் சொன்னாங்க?" என்றாள். "உங்க அக்கவுண்ட்ல இருந்து வாங்கிக்குங்க."

கணக்குக்காரனின் மனைவிக்கு இவ்வளவு சட்டம் தெரிந்திருக்கக் கூடாது.

எதிர்வீட்டுக்காரருக்கு வேறு சந்தேகம். "போர்ட்டபிள் சார்ஜர்னா போனுக்கு இருக்கிற பவர் பேங்க் மாதிரிதானே சார்? வழியில நின்னா மாட்டிக்கலாம்?" பெயரைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டைப் பையில் வைக்கும் 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க்கில் இருப்பது 37 வாட் மணி. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி. இருபது யூனிட்டுக்கு 540 பவர் பேங்க் வேண்டும். அவற்றை ஏற்ற ஒரு டெம்போ, டெம்போவுக்கு டீசல்.

போர்ட்டபிள் சார்ஜரில் ஒரு சொட்டு மின்சாரமும் கிடையாது. இன்னும் சொல்லப்போனால் அது சார்ஜரே கிடையாது. நிஜச் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. செங்கல் பெட்டி வெறும் வாசல்காவல்: வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்து, இத்தனை ஆம்பியர் வரை உறிஞ்சலாம் என்று காருக்குச் சொல்லி, கதவைத் திறந்துவிடும். வேலூரில் ஒரு கடைக்காரர் என்னிடம் 7.2 கிலோவாட் பெட்டியை விற்றுவிடுவது என்று அரை மணி நேரம் போராடினார். "டபுள் ஸ்பீடு சார்." என் காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் தாங்குவது. வெளியே எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் உள்ளே போவது அதேதான். குறுகிய வாய்ச் சொம்பில் அண்டாவைக் கவிழ்த்த கதை. இதைச் சொன்னதும் அவர் முகத்தில், விஷயம் தெரிந்த வாடிக்கையாளனைப் பார்க்கும் கடைக்காரரின் துக்கம் வந்தது.

ஆம்பூரில் என் வாடிக்கைக்காரர் ஒரு பாய். டேனரி வைத்திருக்கிறார். "வண்டியை இங்க சொருகிட்டு வாங்க ஆடிட்டர் சார், சாப்பிடலாம். எங்க டிரம்முக்கு முன்னாடி உங்க காரு கொசு" என்பார். (நான் ஆடிட்டர் இல்லை. திருத்துவதை விட்டுப் பல வருடம் ஆகிறது.) மரத்தில் செய்த அந்த டிரம்கள் ஆள் உயரத்துக்கு மேல்; தோலையும் நீரையும் ரசாயனத்தையும் வயிற்றில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகச் சுற்றும். அவற்றுக்குப் போகும் கரண்டில் என் கார் கொசுகூட இல்லை, கொசுவின் கால். கேபிளைச் சொருகிவிட்டுப் போய், சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியுமாக அரை மணி நேரம் சாப்பிட்டுத் திரும்பினேன். ஏறியிருந்தது ஒன்றரை யூனிட். பத்து கிலோமீட்டர்.

அன்றிலிருந்து தூரத்தை நான் பிரியாணியில்தான் அளக்கிறேன். 15 ஆம்ப் பிளக்கில் ஒரு பிரியாணிக்குப் பத்து கிலோமீட்டர். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிற வேகச் சார்ஜரில் அதே பிரியாணிக்கு எழுபது, எண்பது. ஆம்பூரிலிருந்து பெங்களூர் போக 15 ஆம்ப் பிளக்கை நம்பினால் பதினாறு பிரியாணி தின்ன வேண்டும். கார் போய்ச் சேரும். ஓட்டுபவன் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குத்தான் போக முடியும். ஆக, வழியில் நிற்கும்போது இந்தப் பெட்டி உதவாது. ராத்திரி எங்கே படுக்கிறோமோ அங்கேதான் உதவும். எட்டு மணி நேரம் தூங்கினால் முழு பேட்டரி. எனக்கு இரண்டே இடத்தில்தான் படுக்கை. ஒன்று சத்துவாச்சாரி. இன்னொன்று மாமனார் வீடு.

பாயைத் தேற்றுவதற்காக (தோல் விலை இறங்கியிருந்த வாரம்) ஒரு கதை சொன்னேன். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், புருஷனிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகத்தில் யாரும் அதற்கு முன் அவ்வளவு தூரம் பெட்ரோல் காரில் போனதில்லை. வழியில் எண்ணெய் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் ஏது? ஒரு மருந்துக் கடையில் கறை எடுக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். "பாத்தீங்களா பாய், தோல் இல்லாம காரு ஓடியிருக்காது" என்று முடித்தேன்.

பாய் சிறிது நேரம் யோசித்தார். "மாட்டுத் தோலா, ஆட்டுத் தோலா?"

இனி அந்தப் பங்குனி ராத்திரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாமனார் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். வீடு கட்டி ஐம்பது வருடம் ஆகிறது. பின்கட்டில் கீசர் பிளக்கில் கேபிளைச் சொருகினேன். செங்கல் பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. எர்த் இல்லை. பிளக்கின் மூன்றாவது ஓட்டை ஐம்பது வருடமாக அழகுக்கு இருந்திருக்கிறது. கீசர் அதைக் கேட்டதில்லை, கார் கேட்டது.

எலக்ட்ரீசியன் வந்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டு முடிந்தால் பெட்டி ஏமாந்துவிடும், ரெண்டு நிமிஷ வேலை என்றார். மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "வெளியில எங்கயாவது நியூட்ரல் அறுந்தா காரோட உடம்பு பூரா கரண்டு வரும்பா. காலையில கதவைத் தொடறது என் பேத்தி." ஆகவே தோட்டத்தில் குழி தோண்டி முறையாக எர்த் போடுவது என்று முடிவானது. ஜிஐ பைப் வந்தது. அடுப்புக்கரி வந்தது. மாமியார் கல் உப்புப் பையைக் கொண்டுவந்தார்.

எலக்ட்ரீசியன் கடப்பாரையைக் கீழே வைத்தார். "இன்னாத்துக்கும்மா உப்பு? அறுவது வருசமா டேனரிக்காரன் போட்டது பத்தாதா?"

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பில் கிடத்தித்தான் கொண்டுவருவார்கள். ஊறவைத்து அலசினால் அத்தனை உப்பும் தண்ணீரோடு போகும். அப்படிப் போன உப்பில்தான் இந்தப் பக்கத்துக் கிணறுகள் கரித்தன. எர்த்துக்கு வேண்டியதும் உப்பும் ஈரமும்தான். உப்பு மண் கரண்டை நன்றாக இறக்கும். "காய்ஞ்சுபோச்சுன்னா எர்த் நிக்காது, வாரம் ஒரு பக்கெட் ஊத்துங்க. கேன் தண்ணி வாணாம், போர் தண்ணியே ஊத்துங்க" என்றார். வாயில் வைக்க முடியாத தண்ணீருக்கு அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது. மாமனார் மட்டும் பாடத்திட்டத்தில் இருப்பதை விடக்கூடாது என்று இரண்டு கிலோ உப்பைக் கொட்டவைத்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தபோது தெருவே கைதட்டியது.

காலையில் காபியோடு மாமனார் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் தினமும் மீட்டர் ரீடிங் எழுதி வைத்திருக்கிறார். அந்த இரண்டு மாதக் கணக்கில் முந்தின நாள் ராத்திரி வரை 478 யூனிட். விடிந்தபோது 506. ரீடிங் எடுக்க ஆள் வருவது மறுநாள். நம் ஊர் வீட்டு மின்கட்டணத்தில் முதல் நூறு யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறும் என்பது மாமனார் மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். தாண்டின ஆறு யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 506இன் அடியில் சிவப்புக் கோடு மட்டும் போட்டார்.

நான் பணம் எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை கரண்டுக்குக் காசு கொடுப்பதா? மாமியார் உள்ளே போய்விட்டார். மாமனார் நோட்டை மூடினார். அந்த வெட்கத்தில் கிளம்பியவன்தான் கேபிளை மறந்தேன்.

ஆடி பிறந்த பிறகு, வரவு செலவு எதிலும் பொருந்தாத ஒரு சார்ஜரை என் அக்கவுண்ட்டிலிருந்தே வாங்கினேன். வருடத்துக்கு ஆறு ராத்திரி, வேகச் சார்ஜரோடு ஒப்பிட்டால் ராத்திரிக்கு முந்நூறு ரூபாய் மிச்சம். முதல் திரும்ப பதினோரு வருடம் ஆகும். அந்த மிச்சமும் மாமனார் தலையில் விழும் செலவுதான். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை வாடிக்கைக்காரர் யாராவது கொண்டுவந்தால் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

டிக்கியில் வைக்கத்தான் வாங்கினேன். பேரணாம்பட்டு போனதும் மாமனார் அதை வாங்கிப் பார்த்து, பின்கட்டில் ஒரு ஆணி அடித்து மாட்டி, மழை படாமல் மேலே தகரம் வைத்து, எலி கடிக்காமல் வலை கட்டி, "இது இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க மறந்துடுவீங்க" என்றார். போர்ட்டபிள் சார்ஜர் அன்றிலிருந்து அசையவில்லை.

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"ரீடிங் எடுத்துட்டுப் போயிட்டாங்க மாப்பிள்ளை. மீட்டர் புதுசா ஆரம்பிச்சிருக்கு. சனிக்கிழமை குழந்தைங்களை அழைச்சிட்டு வந்துடுங்க. எர்த்துக்கு நேத்தே தண்ணி ஊத்திட்டேன்."