அம்மாவின் அட்டிகையும் அண்ணன் மகளின் பெட்டிகளும்

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் 1970-களில் நடந்த கல்யாணங்களின் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மணப்பெண்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கழுத்தில் கிடக்கும் கெம்பு அட்டிகை மட்டும் மாறாது. அது எங்கள் அம்மாவுடையது, பாட்டி போட்டு அனுப்பியது. எதிர்வீட்டில் ஒரு காசுமாலை இருந்தது. கோடிவீட்டு ஒட்டியாணத்தை இடுப்புக்குத் தக்கபடி கொக்கி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்பதால் அதுவும் ஊர் சுற்றியது. ஒரு மணப்பெண்ணை முழுதாக அலங்கரிக்கத் தேவையான தங்கம் ஒரு வீட்டில் இல்லாவிட்டாலும் தெருவில் இருந்தது.

இரவல் கேட்க ஒரு முறை உண்டு. பெண்ணைப் பெற்றவள் நேரே வந்து கேட்கமாட்டாள். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய மூன்றாமவள் ஒருத்தி கிணற்றடியில் பேச்சை எடுப்பாள்: "அன்னிக்கு உங்க அட்டிகை வீட்டுலதான் இருக்குமா?" அம்மா, "இருக்கும், வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்பாள். அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை கொடுப்பதில்லை, விளக்கு வைத்த பிறகும் கொடுப்பதில்லை. மஞ்சள் துணியில் முடிந்து, குங்குமம் வைத்துக் கையில் தருவாள். எடையும் போடுவதில்லை, எழுதியும் வாங்குவதில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று நாளில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்த அட்டிகை, தாம்பூலத்தோடும் பட்சணத்தோடும் திரும்பி வரும்.

அம்மா அதை அவர்கள் எதிரில் பிரிக்கமாட்டாள். அப்படியே சாமி மாடத்தில் வைத்துவிட்டு, காப்பி கொடுத்து, கல்யாணச் செய்தியெல்லாம் கேட்டு, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவாள். பிறகுதான் ஜன்னல் வெளிச்சத்தில் கல் கல்லாக விரலால் தொட்டு எண்ணுவாள். ஒருமுறை பதக்கத்தின் ஓரத்தில் ஒரு கல் இல்லை. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. ஆசாரியை வரச்சொல்லி, தன் செலவில் கல் பதித்துக்கொண்டாள். "கேட்டா அந்தப் பொண்ணோட மாமியார் காதுக்குப் போகும்" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

அந்தப் பழைய அட்டிகைக்கு அத்தனை மரியாதை வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். சீனப் போருக்குப் பிறகு, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். 22 காரட்டில் பழகிய நம் பெண்களுக்கு அது தங்கமாகவே படவில்லை. பட்டறையை மூடிவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போன ஆசாரிகள் ஏராளம். மனமுடைந்து உயிரை விட்டவர்களும் உண்டு. 1966-இல் காரட் விதி தளர்ந்தாலும் 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அதற்கிடையில் விலையும் ஏறிப்போனது. 1970-இல் பத்து கிராம் 200 ரூபாய்க்குள் இருந்த தங்கம், 1980-இல் 1,300 ரூபாயைத் தாண்டியிருந்தது. மகள் பிறந்தபோதே பவுன் பவுனாகச் சேர்க்கத் தொடங்காத அப்பாக்களுக்கு அந்தப் பத்து வருடங்கள் பேரிடி. என் பெரியப்பா அவர்களில் ஒருவர்.

பெரியம்மா மகள், எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா, அவளுடைய கல்யாணம் 1980-இல் நடந்தது. அம்மாவின் அட்டிகை அவள் கழுத்தில் இருந்தது. தூரத்து உறவில் ஒரு வீட்டிலிருந்து இரட்டைவடச் சங்கிலியும் வாங்கியிருந்தார்கள். முதல்நாள் மாலை, சம்பந்தி வீட்டார் நிறைந்த கூடத்தில், சங்கிலிக்குச் சொந்தக்காரி எழுந்து வந்தாள். அக்காவின் தோளைத் தொட்டு, "பாத்து நடம்மா, கொக்கி கொஞ்சம் தளர்ந்திருக்கு. அடுத்த மாசம் எங்க மூத்தவளுக்கு வேணும்" என்றாள். அவள் மனதில் கெடுதல் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டாதவர்கள் கேட்டுவிட்டார்கள்.

அன்று இரவே மாப்பிள்ளை வீட்டார் கணக்குக் கேட்டார்கள். போட்டிருப்பதில் சொந்தம் எவ்வளவு, இரவல் எவ்வளவு என்று. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும் அது நினைவில் இல்லை. பெரியப்பா நிலத்தின்மேல் கடன் வாங்கி, தை பிறப்பதற்குள் அதே எடையில் சங்கிலி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா அந்தச் சங்கிலியை அணிந்து நான் பார்த்ததில்லை. மாமியார் வாயில் அந்தப் பேச்சு பல வருடங்கள் ஓயவில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்தக் காலத்து இரவலைப் பற்றிப் பேசும்போது பலர் ஒற்றுமை, அன்னியோன்னியம் என்று உருகுகிறார்கள். எனக்கும் அம்மாவின் மஞ்சள் துணி நினைவிருக்கிறது. அக்காவின் முகமும் நினைவிருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது நியாயமில்லை.

இப்போது என் அண்ணன் மகள் சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட்டில், தோழி ஒருத்தியுடன் சேர்ந்து, கல்யாண நகைகளை ஆன்லைனில் வாடகைக்கு விடுகிறாள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியபோது அண்ணன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. நான் போய்த் தங்கும்போதெல்லாம் அவளோடு உட்கார்ந்து நகை துடைத்துக் கொடுக்கிறேன். எனக்கு அது பிடித்த வேலை.

அவளிடம் தங்கம் கிடையாது. செம்பில் தங்கமுலாம் பூசியவைதான் பெரும்பாலும். கொஞ்சம் விலை கூடியவை நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்தவை: வெள்ளியில் கட்டி, கெம்பு பதித்து, மேலே முலாம் பூசியவை. புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. நெத்திச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் ஒரே செட்டாக இருக்கும். முதலில் சாமிக்குச் சாத்திய நகைகளின் அச்சு இவை. பிறகு சாமி முன்னால் ஆடிய பெண்கள் அணிந்தார்கள். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்து அவர்கள் கோயிலைவிட்டு வெளியேறிய பிறகு, நகைகள் பரதநாட்டிய மேடையில் தங்கிவிட்டன. அரங்கேற்றத்துக்கு செட் வாடகைக்கு எடுப்பது சென்னையில் வெகுநாளாக இருக்கிற வழக்கம். சினிமாவுக்கு நகை வாடகைக்குக் கொடுத்தவர்களும் உண்டு. எந்தப் பெண்களை ஊர் தள்ளி வைத்ததோ அவர்களுடைய நகையை மாதிரியாக வைத்து இன்று குடும்பப் பெண்கள் மணமேடை ஏறுகிறார்கள். இதை மணப்பெண்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு செட்டைத் துடைக்கும்போதும் எனக்குத் தோன்றும்.

வாடகைக்கு எடுப்பவர் ஆதார் நகல் அனுப்ப வேண்டும். முன்பணம் கட்ட வேண்டும். பெட்டி கிளம்புமுன் ஒவ்வொரு உருப்படியையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குகிறாள். திரும்பி வந்ததும் பிரித்து எண்ணுவதை வீடியோவாக எடுக்கிறாள். கல் விழுந்திருந்தால் முன்பணத்தில் பிடித்தம். உண்மைத் தங்கம் ஒரு வார்த்தையில் கைமாறிய தெருவிலிருந்து வந்தவள் நான். இங்கே முலாம் பூசிய செம்புக்கு இத்தனை சாட்சியம் தேவைப்படுகிறது. முதலில் மனதுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு யோசித்தேன். அம்மா கல் விழுந்ததைச் சொல்லாமல் விழுங்கினாள். என் அண்ணன் மகள் விழுங்க வேண்டியதில்லை. திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பெண்ணுக்கு இவள் முகம் தெரியாது. நாளைக்கு மண்டபத்தில் வந்து தோளைத் தொட இவளால் முடியாது. காசு கொடுத்து எடுத்த நகையை அந்தப் பெண் தலை நிமிர்ந்து அணியலாம். அக்காவுக்குக் கிடைக்காதது இதுதான்.

வேலை சுலபமில்லை. மல்லிகைப் பூவின் ஈரம், வியர்வை, சென்ட் எல்லாமே முலாமுக்கு எதிரி. மேக்கப் பூச்சு கெம்புக் கல்லின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மென்மையான பிரஷ்ஷால் எடுத்து, உலர்த்தி, காற்றுப் புகாத கவரில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் எல்லோருக்கும் ஒரே முகூர்த்த நாள்தான் வேண்டும். ஆடியில் ஃபோன் ஒலிக்காது.

நிஜத் தங்கத்தையே இப்படிப் பகிர்ந்துகொண்டால் என்ன என்று இரண்டு இளைஞர்கள் ஒரு திட்டத்தோடு அவளிடம் வந்தார்கள். லாக்கரில் தூங்கும் நகையை உரிமையாளர் ஆப்பில் பதிய வேண்டும், தேவைப்பட்டவர் வாடகைக்கு எடுக்க வேண்டும். அமெரிக்க உதாரணங்களை அடுக்கினார்கள். 2004-இல் சியாட்டிலில் கைப்பைகளை வாடகைக்கு விட ஆரம்பித்த 'பேக் பாரோ ஆர் ஸ்டீல்', 2009-இல் உடைகளில் தொடங்கிய 'ரென்ட் தி ரன்வே', 2012-இல் நகைச் சந்தாவாக வந்து 2021-இல் சிக்னெட் என்ற பெரிய நகை நிறுவனம் வாங்கிய 'ராக்ஸ்பாக்ஸ்'. 1944-இலேயே ஹாரி வின்ஸ்டன் ஆஸ்கர் விழாவுக்காக ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற நடிகைக்கு வைரம் இரவல் கொடுத்ததையும் சொன்னார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு வித்தியாசம் பட்டது. அங்கே நகை கடையைவிட்டு வெளியே வந்ததும் மதிப்புக் குறைகிறது. வடிவத்துக்கும் பெயருக்கும்தான் விலை, திருப்பி விற்கப் போனால் பாதிகூடத் தேறாது. அதனால் வாடகை அங்கே புத்திசாலித்தனம். நம் ஊரில் நகை என்பது பணம். எந்தத் தெருமுனை அடகுக்கடையிலும் சற்று நேரத்தில் ரொக்கமாகிவிடும். 2023 ஏப்ரல் முதல் கடைகள் விற்கும் நகையில் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாளம் இருந்தாக வேண்டும். உருக்கிவிட்டால் அந்த அடையாளமும் போயிற்று. தெரு செய்த காவலை ஆப் எப்படிச் செய்யும் என்று அந்தப் பையன்களைக் கேட்டேன். இன்ஷூரன்ஸ் என்றார்கள். பத்து கிராம் 2025 ஏப்ரலில் ஒரு லட்சத்தைத் தொட்ட பிறகு, அதற்கான கட்டணத்தைப் போட்டுப் பார்த்தார்களாம். அப்புறம் அவர்கள் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டுத் தங்கத்தை வெளியே கொண்டுவர அரசாங்கமே 2015-இல் தங்கப் பணமாக்கல் திட்டம் கொண்டுவந்தது. நகையைக் கொடுத்தால் உருக்கி எடுத்துக்கொண்டு வட்டி தருவார்கள். வீடுகளில் இருக்கும் தங்கத்தோடு ஒப்பிட்டால் வந்து சேர்ந்தது சொற்பம். 2025 மார்ச்சில் நீண்டகால, நடுத்தரக்கால வைப்புகளை நிறுத்திவிட்டார்கள். பாட்டியின் அட்டிகையை உருக்கக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? கொடுத்தால் அது அப்படியே திரும்பி வர வேண்டும் என்பதுதானே இரவலின் அடிப்படை.

ஆக, பகிர்ந்துகொள்ள நிஜத் தங்கம் இன்று யாரும் தருவதில்லை. சரி, போகட்டும். வாடகை நகை வந்ததால் "எத்தனை பவுன் போடுவீங்க?" என்ற கேள்வியாவது ஒழிந்திருக்க வேண்டுமே. அதற்காகவே நான் இந்தத் தொழிலை ஆதரித்துப் பேசுகிறேன். ஆனால் செட் தேர்ந்தெடுக்கக் குடும்பத்தோடு வருபவர்களின் பேச்சு என் காதில் விழுகிறது. "இது மேடைக்கு. பவுன் தனி, அது பேசினபடி" என்று ஒரு சம்பந்தியம்மாள் இதே வரவேற்பறையில் உட்கார்ந்து சொன்னார். முன்பு பெண்ணைப் பெற்றவர் ஒரு செலவோடு நின்றார். இப்போது படத்துக்காக ஒன்று, பெட்டிக்காக ஒன்று என்று இரண்டு. அந்தப் பெண்ணின் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பெரியப்பா உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது. கோபத்தில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

போன தையில் மதுரையிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். "பெட்டிமேல உங்க கம்பெனிப் பேரு இல்லாம அனுப்ப முடியுமாம்மா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மண்டபத்துலயே தங்குறாங்க." என் அண்ணன் மகள் ஒரு வார்த்தை கேட்காமல் வெள்ளைப் பெட்டியில் அனுப்பினாள். நான் அவளோடு சண்டை போட்டேன். வாடகை என்று வெளிப்படையாகச் சொல்ல நாலு பேர் துணிந்தால்தானே ஐந்தாமவளுக்குத் தைரியம் வரும், மறைக்க நீயே துணைபோனால் எப்படி என்று கேட்டேன்.

"அத்தை, அந்தப் பொண்ணு முதல்ல நிம்மதியா மேடை ஏறட்டும். ஊரைத் திருத்தற பாரத்தை அவ தலைல ஏன் வைக்கணும்?" என்றாள்.

அவள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. இப்போது பதிவுப் படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: பெயர் போடாத பெட்டி வேண்டுமா? வைகாசி முகூர்த்தங்களுக்கு வந்திருக்கும் பதிவுகளில் பெரும்பாலானவர்கள் "ஆம்" என்று குறித்திருக்கிறார்கள். வெள்ளைப் பெட்டிகளுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்திருக்கிறாள்.