பாண்டிகசாலையில் பி.ஏ. வரலாறு

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எறணாகுளத்துக்கு நான் பி.ஏ. வரலாறு படிக்கப் போன நாளில், பஜார் ரோட்டில் உச்சுக் கொட்டாத ஆள் கிடையாது. போடியிலிருந்து வந்து மிளகுக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிய மாமாவுக்கு அது குடும்ப அவமானம். அவர் படிப்பெல்லாம் உள்ளங்கையில். ஒரு பிடி மிளகை அள்ளிக் கசக்கி ஊதிப் பார்த்தே, லிட்டருக்கு 550 கிராம் நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடுவார். தராசு அதற்கப்புறம் ஒப்புக்குத்தான்.

“இதுக்கு விலை இருக்கு. நீ படிக்கிற அக்பருக்கு என்னடா விலை?”

1957-இல் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையில் தரகர்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்த காலம். அந்தக் கூச்சலில் அக்பர் எடுபடவில்லை. நான் பி.எட். முடித்துப் பள்ளிக்கூட வாத்தியாரானேன். பரவாயில்லை, சம்பளமாவது வருமே என்று மாமா மன்னித்தார்.

பிறகு கூச்சல் கணினிக்குள் போனது. வியாபாரமும் மெல்ல வேறு திசை பார்த்தது. பாண்டிகசாலைகளில், அதாவது பழைய சரக்குக் கிடங்குகளில், எலிதான் குடியிருந்தது. 2012 டிசம்பர் 12 அன்று, மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்த போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். 2014-இல் நாடெங்குமுள்ள ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கென்று தனிப் பினாலேயும் வந்தது. பாண்டிகசாலைகள் கண்காட்சிக் கூடங்களாயின. எலிகள் இடம் மாறின, வாடகை ஏறியது. உச்சுக் கொட்டிய அதே வாய்கள் இப்போது ‘ஹெரிடேஜ்’ என்கின்றன. வாடகை ஏறியதால்தான் கலைக்கு மதிப்பு என்று பேசுகிறவர்களைக் கேட்டால், எனக்கு மாமாவே மேல் என்று தோன்றும். அவர் பொய்யாகப் புகழ்ந்ததில்லை.

மாமாவுக்கு எண்பது தாண்டியபின் ஒருமுறை அந்த மாணவர் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். சுக்கு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பெண் பழைய சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். கொக்கி குத்திய ஓட்டைகள், பாதி அழிந்த கறுப்புமைக் குறி, ஓரத்தில் சணல் ஒட்டு. ‘உழைப்பும் நினைவும்’ என்று பக்கத்தில் அட்டை. மாமா ஒட்டைத் தடவிப் பார்த்து, “சாக்கு எடை கழிச்சாச்சா?” என்றார். அவள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குறி யாருடையது, கொக்கி எங்கே போடுவார்கள், கூலி எப்படி, பெண்களுக்கு எவ்வளவு? அத்தனை வருஷம் அதே வீட்டில் சோறு தின்ற வரலாற்றுப் பட்டதாரி கேட்காத கேள்விகள். வெளியே வந்ததும் மாமா, “கெட்டிக்காரப் பொண்ணு. என்ன படிக்குதாம்?” என்றார். ஓவியம் என்றேன். “அய்யோ பாவம்.”

இத்தனைக்கும் இந்த ஊர் அரண்மனையே பாடப்புத்தகம்தான். டச்சு அரண்மனை என்று பலகை தொங்கும். கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர், 1555-இல், கொச்சி அரசருக்குப் பரிசாக. 1663-இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள், பெயரையும் தட்டிக்கொண்டு போனார்கள். சும்மா யாராவது அரண்மனை தருவார்களா? மிளகு! இதைச் சொன்ன அன்றுதான் மாமா என் படிப்பை முதன்முதலாகக் கவனித்துக் கேட்டார். “நல்ல லாபம் பாத்திருப்பான்.”

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ கதை இன்னும் ருசி. சேர்த்தலை வைத்தியர் இட்டி அச்சுதன் சொல்ல, ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணியர் மூவர் துணை நிற்க, மலையாளத்து மூலிகை அறிவு போர்ச்சுக்கீசியம் வழியாக லத்தீனுக்குப் போய், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது. நம் வீட்டு வேலியில் நிற்கும் செடியைப் பற்றி நாமே படிக்க முடியாமல் முந்நூறு வருஷம் ஓடிற்று. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ்.மணிலால் லத்தீனோடு மல்லுக்கட்டியபின்தான் 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் அது வந்தது. செடி தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். லத்தீன் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம்.

2024-இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. வேதியியலை மேஜராக எடுத்தவன் வரலாற்றை மைனராகச் சேர்த்துக்கொள்ளலாம். மணிலாலுக்கு இது பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பாண்டிகசாலையைக் காபிக்கடையாக்கியவர் மகளோடு வந்தார். பெண்ணுக்கு ஹிஸ்டரி மேஜர் வேண்டுமாம்.

“மாஷே, அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? நீங்களே சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் பி.காம். என்று அவரே முடிவெடுத்துவிட்டார். போகும்போது ஒரு வேண்டுகோள். கடைச் சுவரில் ஹோர்த்தூஸ் படங்கள் எட்டு மாட்டியிருக்கிறாராம், வெளிநாட்டுக்காரர்கள் விவரம் கேட்கிறார்களாம். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரி எழுதித் தர வேண்டும், வரலாறு கொஞ்சம் தூக்கலாக.

எவ்வளவு தருவீர்கள் என்றேன். மாமாவிடம் படித்த கேள்வி.

“எழுத்துதானே, மாஷே” என்றார்.