வாரிசியல்: ஒரு சிற்றிலக்கணம்

1. பொருள்

'வாரிசு' அரபியில் பிறந்து, உருது வழியே கச்சேரி ஏறி, அங்கிருந்து திண்ணைக்கு இறங்கிய சொல். இதற்குப் பொருள் இரண்டு. இறந்தவர் விட்டுச்சென்றதைப் பெறுபவர் என்பர் சட்டத்தார். இன்னார் பிள்ளை என்பதாலேயே இடம் கிடைத்தவர் என்பர் டீக்கடையார். முன்னதற்குத் தந்தை இறந்திருக்க வேண்டும். பின்னதற்கு உயிரோடிருப்பது நலம்.

2. வகை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தை ஆராய வாரிசு அறுவகைப்படும்.

அ. சான்றிதழ் வாரிசு: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்தபின் வட்டாட்சியரால் தோற்றுவிக்கப்படுவது. 1989 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பின் தமிழகத்தில் மகளும் பூர்வீகச் சொத்தில் சமபங்கினள்; ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே தாலி ஏறியவர்க்கு 2005 வரை இடமில்லாதிருந்தது. முகூர்த்தம் பார்த்த சோதிடர் இதைச் சொன்னாரில்லை.

ஆ. பட்ட வாரிசு: சேத்தூர், சிவகிரி ஜமீன் வழியினர். 1948 ஒழிப்புச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து பட்டத்தை எடுக்க அதனால் ஆகவில்லை.

இ. ஆலை வாரிசு: 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் மூன்றாம் தலைமுறை கண்டது. பொதுவாக இவ்வகையார் 'சின்ன முதலாளி' எனப்படுவர். தலை நரைத்தாலும் 'சின்ன' உதிராது.

ஈ. மேடை வாரிசு: அரசியலிலும் சினிமாவிலும் விளைவது. எப்போதும் எதிர்க்கட்சியில் மட்டுமே காணப்படும். 2023இல் 'வாரிசு' என்றே ஒரு படம் வந்தது. நாயகன் விஜய், இயக்குநர் எஸ்.ஏ. சந்திரசேகரின் மகன்.

உ. கண்டெடுத்த வாரிசு: துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த ஆண்டாள். சான்றிதழ் கேட்டார் எவருமில்லை. இன்றும் பகல்பத்து முதல் நாளில் அவள் பிறந்தகமான வேதபிரான் பட்டர் இல்லத்துக்கு எழுந்தருள, ஆழ்வார் வழியினர் காய்கறி பரப்பிப் 'பச்சை பரத்தல்' செய்து வரவேற்கின்றனர்.

ஊ. மூக்கு வாரிசு: ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமே இதன் குலச்சான்று. 2005இல் தபால்தலையும் ஏறியது. குலம் விசாரித்து விலை பேசுவதை வெளிப்படையாகச் செய்யும் ஒரே துறை இது.

3. வழக்கு

இச்சொல் தன்மையில் வாராது. 'நான் வாரிசு' என்பார் தாலுகா ஆபீசில் மட்டுமே உளர். பிற இடங்களில் 'நான் அடிமட்டத்திலிருந்து வந்தேன்' என்றே வரும். முன்னிலையில் 'அடுத்து நீங்கதான்' எனத் திரியும். படர்க்கையில் மட்டும் 'அவுக வீட்டுப் பிள்ளைல்ல, பின்ன?' என முழு உருவம் காட்டும்.

4. புறனடை

சென்னை மாகாண முதல்வராயிருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். இங்கே ஊரே வாரிசாயிற்று. இவ்வகைக்கு வேறு காட்டு கிடைப்பது அரிது.

ஆண்டாள் இடக்கையில் அமரும் பச்சைக்கிளியை இலைகளாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாய்ச் செய்து தருவது ஒரு குடும்பத்தின் பரம்பரைப் பணி. ரத்தம் உண்டு, தலைமுறை உண்டு, கைமாற்றம் உண்டு. ஆயினும் அவர்களை வாரிசு என்று ஊரில் எவரும் சுட்டுவதில்லை. ஏனெனில் கைமாறியது நாற்காலியன்று, வேலை. தகப்பனிடமிருந்து வேலை வந்தால் அதற்குக் குலத்தொழில் என்று பெயர்; வேலை செய்யாதிருக்கும் வசதி வந்தால் மட்டுமே வாரிசு என்க.